சங்கு ஊதினால் டீயா, ஆபத்தா?

எங்கள் ஆலையில் இருந்தது ஒரே ஒரு மோட்டார் சைரன். அலுவலக மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். காலை ஷிப்டுக்கும் அதுதான், டீக்கும் அதுதான், சாப்பாட்டுக்கும் அதுதான், தீப்பிடித்தாலும் அதுதான். ஆபத்து என்றால் நிறுத்தாமல் ஊத வேண்டும் என்று ஒரு விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். எவ்வளவு நேரம் நிற்காமல் ஊதினால் அது டீ இல்லை என்று புரிந்துகொள்வது என்பது அந்தத் தாளில் இல்லை. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்கிற கதைதான்.

ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் நடுத்தரமான தோல் பதனிடும் ஆலை இது. பச்சைத் தோல் ஒரு வாசலில் வந்து, பளபளப்பேறிய தோலாக மறு வாசலில் போகும். மின் பராமரிப்பு என் பொறுப்பு. தமிழ், உருது, இந்தி, வங்காளி என்று நாலு மொழி பேசுகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். காப்பீட்டு ஆய்வுக்கு வந்தவர் எச்சரிக்கை ஏற்பாடு போதாது என்று எழுதிவிட்டுப் போனதால் முதலாளி பணம் ஒதுக்கினார். காரணம் எதுவானால் என்ன, பணம் வந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். அதற்குரிய பட்டியலில் தோல் பதனிடுதலும் இருந்தது. ஆபத்துகளைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், அவசரகாலத் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றிலிருந்தே இருக்கிற பேச்சு.

முதலில் காது, பிறகு சைரன்

கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே, "எத்தனை கிலோமீட்டர் சைரன் வேண்டும்?" என்பதுதான். கிலோமீட்டர் கணக்கு ஊருக்கு உதவும். இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது உதவாது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒலி அளவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, எல்லா இயந்திரமும் ஓடுகிற முற்பகலில் ஆலை முழுதும் நடந்தேன். கைபேசிச் செயலிகளை இதற்கு நம்ப வேண்டாம். சத்தம் ஏற ஏற அவை மழுப்ப ஆரம்பித்துவிடுகின்றன.

அலுவலகத்தில் 55 டெசிபல். தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் வரிசையில் 84. தோலின் உள்பக்கச் சதையை வழித்தெடுக்கும் பிளெஷிங் இயந்திரத்தின் முன், ஆள் நிற்கும் இடத்தில் 92. ஜெனரேட்டர் அறையில் 101. பிறகு மாடியில் சைரனைப் போடச் சொல்லிவிட்டு அதே இடங்களுக்கு மறுபடி போனேன். பிளெஷிங் இயந்திரத்தின் முன்னால் அளவியின் எண் அசையவே இல்லை. டெசிபல் கணக்கு அப்படிப்பட்டது: 92-உடன் 80 சேர்ந்தால் 92 சொச்சம்தான் வரும், 172 வராது. மாடியிலிருந்து ஊதிய சைரன் அங்கே வந்து சேரும்போது இயந்திரச் சத்தத்துக்குள் கரைந்துவிடுகிறது. அந்த இயந்திரத்தில் பல வருடமாக நிற்கிறவரிடம் சைரன் கேட்குமா என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினால் டீ என்று தெரிந்துகொள்வாராம்.

தீ எச்சரிக்கை அமைப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, குறைந்தது 65 டெசிபல் அல்லது சுற்றுச் சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அது. நான் 10 கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களும் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் ஹூட்டர் (சின்ன மின் ஒலிப்பான்) நாலு மீட்டரில் 98, எட்டு மீட்டரில் 92. அதாவது எட்டு மீட்டர் தள்ளி மாட்டினால் பிளெஷிங் இயந்திரத்துக்கு அது சமம், அவ்வளவுதான். இரண்டரை மீட்டரில் மாட்டினால் 102. மூடிய கூடத்தில் சுவர்கள் எதிரொலிப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

முடிவு இதிலேயே வந்துவிட்டது. பெரிய சைரன் ஒன்று வேண்டாம், சின்ன ஹூட்டர்கள் ஆறு வேண்டும், ஆள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஜெனரேட்டர் அறையில் ஒலியோடு மல்லுக்கட்டாமல் சுழலும் சிவப்பு விளக்கு. டிரம் பகுதியிலும் தோல் அடுக்கும் இடத்திலும்கூட ஒவ்வொரு விளக்கு வைத்தேன். அடுக்குகிற இடத்தில் காது கேளாத இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். விளக்கை அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்று வேலை செய்கிறாரோ அந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதை வரைபடம் சொல்லாது, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

குரல் அறிவிப்பு வைக்கலாமே என்று மேலாளர் கேட்டார். 84 டெசிபல் சத்தத்தில் ஒலிபெருக்கியில் வரும் பேச்சு எந்த மொழியிலும் தெளிவாகப் புரியாது. ஏறி இறங்கும் ஒலிக்கு மொழி தேவையில்லை.

24 வோல்ட் ஏன்

பழைய மோட்டார் சைரன் 230 வோல்ட்டில் ஓடுவது. தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தைத்தான் நிறுத்துவார்கள், அப்போது அதுவும் சேர்ந்து ஊமையாகும். ஆகவே, ஆலையை நாலு மண்டலமாகப் பிரித்துக் கவனிக்கும், பேட்டரியில் ஓடும் கட்டுப்பாட்டுப் பேனல். உள்ளூரில் 12 வோல்ட் ஹூட்டர்கள் மலிவாகக் கிடைத்தன. ஆனாலும் 24-தான் எடுத்தேன், அதற்குக் கணக்கு இருக்கிறது.

பேனல் அலுவலகத்தில். மிகத் தூரத்தில், தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் சுண்ணாம்புப் பகுதிக்குக் கேபிள் ஓட்டம் 80 மீட்டர். போய்த் திரும்ப 160 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம், ஆக இங்கே கிட்டத்தட்ட 1.94 ஓம். அந்த வரிசையில் இரண்டு ஹூட்டர், ஒரு விளக்கு, மொத்தம் 0.8 ஆம்பியர். வழியில் தொலைவது ஒன்றரை வோல்ட். 24-இல் அது போனால் 22.4 மிஞ்சும், ஹூட்டருக்கு எந்தக் குறையும் இல்லை. அதே சக்தியை 12 வோல்ட்டில் கொடுத்தால் ஓட்டம் 1.6 ஆம்பியர், தொலைவது 3.1 வோல்ட், கடைசியில் 8.9 வந்து சேரும். ஹூட்டர் ஊதும், ஆனால் சளி பிடித்த குரலில். கடையில் மேசைமேல் வைத்துச் சோதித்துக் காட்டும்போது இது தெரியவே தெரியாது.

பேட்டரிக் கணக்கும் இதே மாதிரி. பேனல் சும்மா இருக்கும்போது 0.1 ஆம்பியர், ஒரு நாள் முழுதும் மின்சாரம் இல்லையென்றால் 2.4 ஆம்பியர்-மணி. எல்லா ஹூட்டரும் விளக்கும் சேர்ந்து 2.4 ஆம்பியர், அரை மணி நேரம் அலறினால் 1.2. மொத்தம் 3.6, பேட்டரிக்கு வயதாவதை நினைத்துக் கால்பங்கு கூட்டினால் 4.5. இரண்டு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பேட்டரிகளைத் தொடரில் போட்டேன். வேலூர் வெயிலுக்குப் பேட்டரி சீக்கிரம் சாகும், தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம். பேனலை அலுவலகத்துக்குள் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நாற்றம். தோலின் முடியை அகற்றச் சோடியம் சல்பைடு போடுகிறோம். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். சுண்ணாம்புப் பகுதியில் பழைய அழைப்பு மணியின் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தபோது கம்பி முனைகள் கரி பூசியதுபோல் இருந்தன. கீறினால்தான் செம்பு தெரிந்தது. மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களின் தொடுமுனை பெரும்பாலும் வெள்ளிக் கலவை. அங்கே திறந்த ரிலே வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் அந்தப் பகுதியில் ரிலேயே இல்லை, ஆபத்தில் அழுத்தும் பொத்தானும் ஹூட்டரும் மட்டும்தான். டின் பூசிய கம்பி, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 பெட்டி, கேபிள் நுழையும் கிளாண்டு எப்போதும் கீழ்ப்பக்கம். தரையைக் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவுகிற இடத்தில் மேல்பக்கம் கிளாண்டு போட்டால் தண்ணீர் பிடிக்கும் தொட்டியைச் சுவரில் மாட்டியதாக ஆகும்.

வரிசையின் கடைசியில் ஒரு தடையி

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பாகம், ஒரு ரூபாய் பெறுமான தடையி (ரெசிஸ்டர்). பொத்தான்களை இணைக்கும் இரண்டு கம்பிகளின் கடைக்கோடியில் 4.7 கிலோ ஓம் தடையி ஒன்றைப் பாலம்போல் வைக்கிறோம். சும்மா இருக்கும்போது 24 வோல்ட்டில் சுமார் 5 மில்லி ஆம்பியர் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். பேனல் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எங்காவது எலி கம்பியைக் கடித்தால் அந்த 5 மில்லி ஆம்பியர் நின்றுவிடும், பேனலில் மஞ்சள் விளக்கு எரியும். பொத்தானை அழுத்தினால் அதோடு சேர்ந்த 470 ஓம் தடையி இடையில் வந்து ஓட்டம் பல மடங்கு ஏறும், அது ஆபத்து. கம்பி அறுந்ததும் பொத்தான் அழுத்தியதும் பேனலுக்கு வேறு வேறாகத் தெரிகிறது. பழைய ஏற்பாட்டில் கம்பி அறுந்தால், அவசரத்தில் அழுத்திப் பார்க்கிற நாளில்தான் தெரிந்திருக்கும்.

இதில் ஒரு சோம்பேறி வழி உண்டு. தடையியைக் கடைசிப் பொத்தானில் வைக்காமல் பேனலுக்குள்ளேயே வைத்துவிட்டால் மஞ்சள் விளக்கு ஒருபோதும் எரியாது, எல்லாம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். வேறு இடங்களில் அப்படிச் செய்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பேனல் மூடியைத் திறந்து அங்கே தடையி தெரிந்தால், அந்த மண்டலத்தில் கம்பி இருக்கிறதா என்பதையே சந்தேகப்படுங்கள்.

ஹூட்டர் வரிசையையும் இப்படியே காவல் காக்கலாம். சாதாரண நேரத்தில் பேனல் மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுக்கும். ஒவ்வொரு ஹூட்டரிலும் இருக்கும் டயோடு, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது, அதைத் தடுக்கும், கடைசித் தடையி வழியாக மட்டும் கொஞ்சம் ஓடும். ஆபத்து வந்தால் பேனல் முனைகளை மாற்றும், டயோடு வழிவிடும், ஹூட்டர் அலறும். டயோடு இல்லாத மலிவு ஹூட்டர் வாங்கினால் நாமே ஒன்று சேர்த்துப் பற்றவைக்க வேண்டும்.

பொத்தான் தேர்வில் கடைக்காரர் சொன்னதைவிடக் கையுறை சொன்னது உதவியது. சுண்ணாம்புப் பகுதியில் முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை போட்டிருப்பார்கள். மாதிரிக்கு வாங்கிய பொத்தான்களைப் பலகையில் மாட்டி, அந்த ஈரக் கையுறையோடு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். உள்ளே குழிந்த சின்னப் பொத்தானில் விரல் நுழையவே இல்லை. அகலமான தட்டை உள்ளங்கையால் தள்ளும் வகைதான் நின்றது. வெளியே போகும் ஒவ்வொரு வாசலுக்குப் பக்கத்திலும் தரையிலிருந்து 1.4 மீட்டரில் மாட்டினேன். ஆபத்துக்கு உள்ளே போய் அழுத்தும்படி இருக்கக் கூடாது, வெளியே ஓடுகிற வழியில் அழுத்தும்படி இருக்க வேண்டும்.

பேனலின் ரிலே ஒன்றைப் பிளெஷிங், ஷேவிங், பஃபிங் இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சுகளான கன்டாக்டர்களோடும் அமிலம் செலுத்தும் பம்போடும் இணைத்தேன். ஹூட்டர் ஊதிய உடனே அவை நின்றுவிடும். புகை, வாயு இழுக்கும் விசிறிகள், விளக்குகள், தீயணைப்புப் பம்பு ஆகியவற்றை அந்த வரிசையில் தொடவே கூடாது. சோதனையில் கவனித்தது: ஹூட்டர் சத்தத்துக்கு நிமிராத தலைகள்கூட, ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அடங்கியதும் நிமிர்ந்தன.

டீக்கு மணி

பழைய சைரனை ஷிப்ட் டைமரிலிருந்து பிரித்தேன். இனி அது அக்கம்பக்கத்து ஆலைகளுக்குச் சொல்வதற்கு மட்டும். ஷிப்டுக்கும் டீக்கும் மின்மணி. ஏறி இறங்கும் ஒலி என்றால் வேலையைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும், நீளமான ஒரே ஒலி என்றால் ஆபத்து நீங்கியது. குடிமைப் பாதுகாப்புச் சைரன்களிலும் இதே வழக்கம்தான், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மணி அடித்த முதல் நாள் டிரம் பகுதி மேஸ்திரி பாய் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாங்கள் என்ன ஒன்றாம் வகுப்பா?" என்றார். அவர் ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள் பேசவில்லை.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் மாறியது. சல்பைடு கலந்த கழிவுநீரும் அமிலக் கழிவுநீரும் ஒரே கால்வாயில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு குபீரென்று கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் உண்மையான ஆபத்து. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் விழுந்தால் தூக்கப் போனவர்களும் சேர்ந்து சாகிற செய்தி நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது. சட்டை காலரில் மாட்டும் வாயு அளவிகளைக் கழிவுநீர்ப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு வாங்கினோம். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலைகள் சட்டம் அனுமதித்த அளவு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15. அலறும் அளவுகளையும் அவற்றிலேயே வைத்தேன்.

வாயு என்றால் எல்லோரும் வாசல் பக்கம் ஓடுவது சரியாக இருக்காது. பாய் கேட்ட கேள்வி: "காற்றும் வாசல் பக்கம் அடித்தால்?" ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து என்று காற்று இங்கே திசை மாறும். அதனால் கூடுமிடம் இரண்டு, வாசலில் ஒன்று, பின்பக்க மதில் ஓரம் ஒன்று. தண்ணீர்த் தொட்டியின் மேல் காவித் துணியில் தைத்த காற்றுக்குழல் ஒன்று பறக்கிறது. அது எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

இரவு

2015 ஜனவரி 31 நள்ளிரவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்த ஹூட்டரும் அதற்கு மருந்தாகியிருக்காது. தொட்டியின் நிழலில் ஆட்களைப் படுக்க விடாமல் இருப்பதுதான் மருந்து. எங்கள் ஆலையிலும் இரவில் தங்குகிறவர்களின் கொட்டகை கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஹூட்டர் எங்கே மாட்டுவது என்று அளக்கப் போனபோது அதைத்தான் முதலில் சொன்னேன். கொட்டகையை முன்பக்கக் கிடங்கு ஓரத்துக்கு மாற்றிய பிறகே அங்கே கம்பி இழுத்தேன். தூங்குகிறவர் தலைமாட்டில் 75 டெசிபல் வேண்டும் என்பது கணக்கு. மின்விசிறி ஓட, கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் அளவியை வைத்துப் பார்த்தேன். வெளிச்சுவரில் மாட்டியது போதவில்லை, உள்ளே மாற்றினேன்.

கைபேசியில் தகவல் அனுப்பும் கருவியும் பேனலோடு உண்டு. அது முதலாளிக்கும் மேலாளருக்கும் வீட்டில் இருக்கும் ஃபிட்டருக்கும் மட்டும். வேலை செய்கிறவர்களின் கைபேசி பெட்டியில் பூட்டிக் கிடக்கும், முதல் நிமிடத்தில் அதனால் பயனில்லை. காவலாளியின் மேசையில் ஓர் அட்டை: 101, 108, ஆலையின் முகவரி, பிரதான சாலையிலிருந்து திரும்பும் இடத்தின் அடையாளம், என்ன ரசாயனம் இருக்கிறது என்பது. பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

ஒத்திகையில் ஹூட்டர், விளக்கு, ரிலே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. மனிதர்கள்தான் மனிதர்களாக இருந்தார்கள். சிலர் சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பினார்கள். தோல் ஏற்ற வந்த லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தலை எண்ணும்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள் நான்கு பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் கூடுமிடத்தில் நின்றார்கள். இல்லாதவரைத் தேடுவதற்குப் பதிவேடு வேண்டும், பதிவேட்டில் இல்லாதவரை யார் தேடுவார்? இப்போது வாசலில் எல்லோருக்கும் எண் போட்ட வில்லை. உள்ளே போகும்போது பலகையிலிருந்து எடுத்துப் போக வேண்டும், வெளியே வரும்போது மாட்ட வேண்டும். லாரி ஓட்டுநருக்கும் அதே. சரக்கு இறக்கும் நேரத்தில் வாசலில் ஒரு லாரி அகலம் காலியாக இருக்க மஞ்சள் கோடு.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வாரச் சோதனை. ஒவ்வொரு வாரமும் வேறொரு பொத்தான், அழுத்துவது நான் இல்லை, அந்தப் பகுதியில் வேலை செய்கிற யாராவது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஊதவிட்டு, ஊதி முடிக்கும்போது மின்னழுத்தம் எவ்வளவு என்று பேனல் கதவின் உள்பக்கத் தாளில் எழுதுகிறேன். சுண்ணாம்புப் பகுதிப் பெட்டிகளை மாதம் ஒருமுறை திறந்து முனைகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பது தனி வேலை.

ஸ்பிரே பகுதி மட்டும் மிச்சம். அங்கே தோலுக்கு அடிக்கும் லாக்கர் பூச்சும் அதைக் கரைக்கும் தின்னரும் காற்றில் மிதக்கும். சாதாரண ஹூட்டரின் உள்ளே ஒரு பொறி போதும், எச்சரிக்கவேண்டியதே பற்றவைத்துவிடும். உள்ளே பற்றினாலும் தீயை வெளியே விடாத பிளேம்ப்ரூஃப் உறை கொண்டது சென்னையிலிருந்து வர வேண்டும், விலை மற்ற ஆறையும் சேர்த்ததைவிட அதிகம். அது வரும்வரை அந்த அறைக்குப் பக்கத்து நடைவழியில் ஒரு ஹூட்டரை மாட்டியிருக்கிறேன். கதவை மூடினால் உள்ளே 71 டெசிபல்தான் கேட்கிறது, ஸ்பிரே விசிறியின் சத்தம் 74. அதனால் கதவுக்கு வெளியே, உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடி வழியாகத் தெரியும்படி ஒரு சிவப்பு விளக்கும் எரிகிறது.